மிளகு விற்றுக் கட்டிய வீடு

மிளகு விற்றுத்தான் வீடு கட்டினேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். மூன்று வருடம் அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தேன். வீடு கட்டுவதற்குப் பட்ட பாட்டைவிட அதற்குப் பட்ட பாடுதான் அதிகம்.

உண்மையில் அது மஸ்கட்டிலிருந்து வந்த பணம். என் மனைவி ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் ஆயாவாக இருந்தாள். அங்கே பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு குடும்பம் மஸ்கட்டுக்குப் போனபோது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளையும் கூப்பிட்டது. அப்போது எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் மலையிலிருந்து ஆண்பிள்ளைகள் வெளிநாடு போவதே அபூர்வம். நானோ எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து, வாய்க்கொழுப்பால் வேலையை விட்டுவிட்டு வந்தவன். மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு ஏக்கர் காப்பியும், நிழல் மரங்களில் ஏற்றிவிட்ட கொஞ்சம் மிளகுக் கொடியும்தான் எங்கள் சொத்து. மகளுக்கு நாலு வயது.

"நீங்க பாப்பாவப் பாத்துக்கோங்க. ரெண்டே வருசம், போயிட்டு வந்தர்றேன்" என்றாள். இரண்டு மூன்றாயிற்று.

சோறாக்கினேன், துணி துவைத்தேன், மகளுக்குத் தலை பின்னிவிட்டேன். இதற்கெல்லாம் நான் வெட்கப்படவில்லை. 'பொண்டாட்டி காசுல உக்காந்து திங்கறான்' என்ற பேச்சு மட்டும் ஒண்டிக்கடை முக்கு டீக்கடையில் கிளம்பிவிடக் கூடாது. அது ஒன்றுதான் பயம். யாராவது துருவிக் கேட்டால், "அவ சம்பளத்த அவ அண்ணன் வாங்கிக்கறானுங்க, நமக்கெதுக்கு அந்தக் காசு" என்பேன். பாவம், அந்த மனுஷன் அதில் ஒரு பைசாகூடக் கண்டதில்லை.

ஏற்காட்டிலேயே பேங்க் இருந்தது. ஆனால் அங்கே வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் தெரிந்த முகம். அதனால் சேலத்தில் போய்க் கணக்கு ஆரம்பித்தேன். பணம் வந்ததாகக் கடிதம் வந்தால், ஒரு சாக்கில் மிளகைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். போவதும் மிளகு விற்க, வருவதும் மிளகு விற்ற பணத்தோடு. ஒரு ஏக்கரில் எவ்வளவுதான் மிளகு விளையும்? சீக்கிரமே தீர்ந்துபோனது. அப்புறம் சாக்கில் காய்ந்த காப்பித் தொலியை அடைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டார். காப்பித் தொலிக்கு லக்கேஜ் கட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சேலத்தில் அதைக் குப்பையில் கொட்டிவிட்டு, காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்புவேன்.

சுவர் எழும்ப எழும்ப ஊரில் என் மதிப்பும் எழும்பியது. "ஏனுங்க, கொடிக்கு என்ன எருவுங்க போடறீங்க?" என்று செம்மநத்தத்திலிருந்தெல்லாம் கேட்டு வந்தார்கள். வேப்பம் புண்ணாக்கும் அடுப்புச் சாம்பலும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சிலர் எழுதிக்கொண்டுகூடப் போனார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ரைட்டராக இருந்த காலத்தில்கூட என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை.

ஒரு மாத லீவில் அவள் வந்தாள். புது வீட்டுக்குச் சாமியாரைக் கூப்பிட்டுச் செய்யும் மந்திரிப்பை அந்த மாதத்திலேயே வைத்துக்கொண்டோம். வந்து பதினைந்து நாளாகியும் மகள் அவளிடம் ஒட்டவில்லை. காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வரும். "அம்மாகிட்டப் போ கண்ணு" என்பேன். தலையை ஆட்டிவிட்டு என் முன்னால் உட்கார்ந்துகொள்ளும். உள்ளுக்குள் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. அவள் சுவரோரம் நின்று, நான் பின்னுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மந்திரிப்பு நாளில் பங்குச்சாமியார் வந்து அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். வந்தவர்கள் எல்லாரும் அவளிடம் ஒன்றையே சொன்னார்கள்: "உங்க ஊட்டுக்காரரு கைராசிதானுங்க. மொளகு வித்தே ஊடு கட்டிப்போட்டாரு." முதல் ஆள் சொன்னபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாசல் பக்கம் யாரையோ வரவேற்பதுபோல் நகர்ந்துவிட்டேன். "ஆமாங்க" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. அதன் பிறகு எத்தனை பேர் சொன்னாலும் அதே "ஆமாங்க"தான். தப்பித்தோம் என்று நினைத்தேன். அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று அப்புறம் தோன்றியது.

சாப்பாட்டுப் பந்தியில் எங்கள் தோட்டத்துக்கு மேல்காட்டுக்காரன் உட்கார்ந்திருந்தான். எஸ்டேட் கூலி, அரை ஏக்கர் சொந்தக் காடு. அவன் மனைவி ஒரு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றித்தான் வீட்டுச் செலவை ஓட்டிக்கொண்டிருந்தாள். சாம்பார் ஊற்ற வந்த என் மனைவியை அவன் இலையிலிருந்து தலை நிமிர்த்திப் பார்த்து, "அக்கா, மாட்ட வெல பேசிட்டனுங்க. காட்டுல பூரா மொளகுதான் வெக்கப் போறேன். அண்ணன் மாதிரி நாங்களும் மூணு வருசத்துல தலையெடுத்தர்றமுங்க" என்றான். அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

என் மனைவி கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"மாடு போனா அந்தப் புள்ளைங்க என்னத்தைங்க குடிக்கும்? நீங்களே போய்ச் சொல்லிருங்க. நான் சொன்னா உங்களுக்கு நல்லா இருக்காது."

அந்த நேரத்திலும் என் கௌரவத்தைத்தான் அவள் பார்த்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

பந்திக்குத் திரும்பிப் போய், எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். "மாட்ட விக்காதீங்க. எங்காட்டு மொளகு ஒரு சாக்குக்கே காணாது. இந்த ஊடு அவ மஸ்கட்டுல பாடுபட்ட காசு. அவ அண்ணன் ஒண்ணும் வாங்கலீங்க. அத்தனையும் இங்கதான் வந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் அப்பளத்தை நொறுக்கினார்கள். என் காது மடலெல்லாம் சுட்டது. மூன்று வருடமாக எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது, நான் உயிரோடுதான் நின்றுகொண்டிருந்தேன்.

மேல்காட்டுக்காரன் சோற்றைப் பிசைந்தான். பிறகு தன் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் மனைவியிடம் கேட்டான்.

"ஏனுங்க அக்கா, அப்படின்னா இவளுக்கும் அங்க ஒரு வேலை சொல்ல முடியுங்களா?"

இடுப்பிலிருந்த குழந்தை தாயின் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. என் மனைவி அதையே பார்த்தாள்.

"மாட்டை வேணா வித்துக்கோங்க" என்றாள். "நீங்க மொளகே வெய்யிங்க."

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். என் மானம் போனதையே நினைத்துக்கொண்டு நின்ற எனக்கு அப்போதுதான் அவள் முகம் கண்ணில் பட்டது. மூன்று வருடத்தில் எவ்வளவு காய்ந்து போயிருந்தாள்.

லீவு முடிந்ததும் மெட்ராசுக்குக் கூட்டிப்போய் அவளை பிளேன் ஏற்றிவிட்டேன். போகாதே என்று வழி நெடுகச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. வீட்டுக்கு இன்னும் வெளிப்பூச்சு பாக்கி இருந்தது.