வார்னிஷ் காயும் வரை

போன வாரம் எனக்குச் சரியான திட்டு கிடைத்தது. அதுவும் என் சொந்தக் கொல்லையில், என் சொந்தக் கடலையைத் தூற்றிக்கொண்டிருந்தபோது!

வல்லத்து நிலத்திலிருந்து மல்லாட்டை வந்து இறங்கியிருந்தது. வேர்க்கடலைக்கு எங்கள் செஞ்சிப் பக்கத்தில் அதுதான் பெயர். சித்திரை மாதம், கோட்டைப் பாறையில் பட்டு வருகிற அனல் காற்று. முறத்தை எடுத்து நாலு வீசு வீசினேன். காற்று பக்கத்து வீட்டுப் பக்கம் அடித்தது... அது என் குற்றமா?

"அண்ணா! நிறுத்துங்கண்ணா! சேசு மரி சூசையே... மொத்தமும் பூடுச்சே!"

மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிலோமினா கையில் பிரஷ்ஷோடு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. எதிரே பெஞ்சின் மேல் ஒரு கிதார். கிதார் தெரியுமல்லவா? வீணைக்கு வெள்ளைக்கார ஒன்றுவிட்ட தம்பி! அப்போதுதான் வார்னிஷ் அடித்திருக்கிறாள். அந்த ஈரத்தின் மேல் என் மல்லாட்டையின் சருகு, செம்மண், தூசி எல்லாம் சொகுசாக உட்கார்ந்திருந்தன.

கிதார் அவள் புருஷன் அந்தோணியுடையது. புதுச்சேரியில் வேலை பார்த்தபோது ஆசைப்பட்டு வாங்கியது. கல்யாணமாகி ஆறே மாதத்தில் மிலிட்டரிக்கு லாரி ஓட்டப் போனான். பர்மாப் பக்கம் என்றார்கள். நடுவில் ரொம்ப நாள் தகவலே இல்லை. பாவம், அவள் கோயிலில் ஏற்றிய மெழுகுவத்திக்குக் கணக்கே கிடையாது. இப்போது சண்டை முடிந்துவிட்டது. சனிக்கிழமை வருகிறேன் என்று தந்தி வந்திருக்கிறது.

பரணில் கிடந்த கிதாரில் மழை ஒழுகிப் பழைய வார்னிஷ் வெடித்துப்போயிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறாள். முதல் பூச்சு தடித்துப் போய் வழிந்துவிட்டது. வழிந்ததைப் பாதி ஈரத்தில் துணியால் துடைக்கப் போய், அது ஆறாத புண் மாதிரி ஆகிவிட்டது. அதற்கு மேல் அடித்த பூச்சில்தான் நம் தூசி!

"ஏம்மா, அந்தோணி வந்து அவனே அடிச்சிக்க மாட்டானா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உங்களுக்கு இன்னாண்ணா தெரியும்? அவரு மூஞ்சியே எனக்குச் சரியா நெனப்புல இல்ல. வந்தா இன்னா பேசறதுன்னு பயமா இருக்குது. அவரு பொருளுன்னு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் பாழாக்கி வெச்சிருந்தேன்னா, அந்த மனுசன் மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

முறத்தைக் கீழே போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

வார்னிஷ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஞானம் உண்டு. எங்கள் வீட்டு அலமாரியைப் பாழாக்கிப் பாழாக்கிச் சம்பாதித்த ஞானம்.

"இப்பத் தொடாதே. ஈரத்துல தூசியை எடுக்கப் போனா தூசியும் போவாது, வார்னிஷ்தான் போவும். நல்லா காயட்டும். நகத்தால அமுக்கினா தடம் விழக்கூடாது. அப்புறம் வழிஞ்ச இடத்தை பிளேடால மெல்லச் சீவு. உப்புத்தாளைச் சோப்புத் தண்ணியில நனைச்சு லேசாத் தேய். சாம்பல் பூசினாப்பல வெளுத்துப் போவும், பயப்படாதே. துடைச்சுட்டு, தரையில தண்ணி தெளிச்சுத் தூசி அடங்கினதும், மெல்லிசா ஒரு பூச்சு."

"அது வரைக்கும்?"

"சும்மா இருக்கணும்."

"அதாண்ணா என்னால முடியல!"

யாரால்தான் முடிகிறது? வழிந்தது தப்பில்லை. வழிந்ததை உடனே சரிசெய்யக் கிளம்புகிறோமே, அதில்தான் முக்கால்வாசி பாழாகிறது. புருஷன் பெண்டாட்டி சண்டையும் அப்படித்தானே என்று வீட்டுக்கு வந்து என் சகதர்மிணியிடம் தத்துவம் பேசினேன்.

"தெரிஞ்சா சரி. மொதல்ல அந்த மல்லாட்டய மூட்டையிலே கட்டுங்க. சனிக்கெழம வரைக்கும் மொறத்தத் தொட்டீங்க... நடக்கறதே வேற!"

கட்டினேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கடைசிப் பூச்சு. அடடா! ஒரு வழிசல் இல்லை, ஒரு தூசி இல்லை. முகம் பார்த்துத் தலை வாரலாம். கிதாருக்கு மேலே ஒரு சேலையைப் பந்தலாகக் கட்டிவிட்டுப் பிலோமினா தண்ணீருக்குப் போனாள். நான் மதிலோரம் நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வீட்டு வேலிப் படல் திறந்தது. தோளில் டிரங்குப் பெட்டியோடு ஒரு ஆள். கறுத்து, இளைத்து... அந்தோணி! திண்டிவனத்தில் ஏதோ லாரி அகப்பட்டு, ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டான்.

பெட்டியை இறக்கினான். நேரே கிதாரிடம் போனான். உள்ளங்கையை அகலமாக விரித்து அதன் மேல் வைத்தான்.

"டேய்! தொடாதே!"

நாலு வருஷம் கழித்து ஊர் திரும்பியவனுக்கு நான் கொடுத்த வரவேற்பு இது! அவன் வெடுக்கென்று கையை எடுத்தான். ஐந்து விரலும் உள்ளங்கையும், ரேகை உட்பட, அப்படியே பதிந்திருந்தன.

அந்த நேரம் பார்த்துப் பிலோமினா குடத்தோடு உள்ளே வந்தாள். அவனைப் பார்த்தாள். கிதாரைப் பார்த்தாள். செத்தான் அந்தோணி என்று நினைத்தேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். அவன் கையைப் பிடித்து, ஒட்டியிருந்த வார்னிஷை முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கெடுத்துட்டேனா பிலோமி?" என்றான் அவன்.

"இன்னாங்க இப்டி எளச்சிப் பூட்டீங்க..." அதற்குள் அழுகை வந்துவிட்டது.

பின்னாலிருந்து என் சகதர்மிணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மேற்கொண்டு எனக்குத் தெரியாது.

நாலைந்து நாள் போனதும் உப்புத்தாளோடு போனேன். அந்தோணி குளிக்கப் போயிருந்தான்.

"பிலோமினா, இந்நேரம் காஞ்சிருக்கும். டின்னுல வார்னிஷ் மிச்சம் இருக்குதில்ல? அந்தக் கைத்தடத்தை ஒரே தேய்ப்புல..."

கிதாரைச் சட்டென்று எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சும்மா இருங்கண்ணா! நாலு வருசமா அவரு கை இந்த வூட்ல எது மேலயும் படல. பட்டது பட்டதாவே இருக்கட்டும்."

உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னால், குறை எது என்று வீட்டுக்காரியைக் கேட்டுவிடுவது உத்தமம்!