மகளின் கடைவாய்ப்பல்

என் மனைவி பல் எனாமலைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எனக்குக் குரோம்பேட்டையில், ஜிஎஸ்டி ரோட்டோரம், டூவீலர் உதிரிபாகக் கடை. கடைக்கு வரும் மெக்கானிக் ஒருவர் அடிக்கடி கேட்பார்: "இன்னா பாய், பல்லுல படிக்கிறதுக்கு அப்டி இன்னா கீது?" எனக்கே தெரியாது. "நிறைய இருக்குண்ணா" என்று சமாளிப்பேன்.

எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைத்திருந்தது. பிரஷ் பட்டாலே "கூசுது அத்தா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி மொபைல் டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்த்தாள். பல்லின் மேல் மஞ்சளும் பழுப்புமாக ஒரு திட்டு. டார்ச்சை அணைத்துவிட்டு மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"சொத்தையா?" என்றேன்.

"சொத்தை இல்லீங்க. முளைக்கும்போதே இப்படித்தான் வந்திருக்கு. எனாமல் கெட்டியாகவே இல்லை. லேப்ல எலிப் பல்லுல பார்க்கிறதை இப்ப நம்ம பிள்ளை வாயில பார்க்கிறேன்."

அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக அவள் படிப்பைப் பற்றி ஒழுங்காகக் கேட்டேன்.

"எனாமலை உண்டாக்கன்னே தனியா செல்கள் இருக்கு. அதுங்க முதல்ல புரதத்தைக் கொட்டும். அதுக்கு நடுவுல தாது உப்பு படிய ஆரம்பிக்கும். அப்புறம் அந்தப் புரதம் அங்க இருக்கக் கூடாது. துண்டு துண்டா உடைஞ்சதும், அதே செல்களே உள்ள இழுத்துச் செரிச்சிடணும். காலியான இடத்துல தாது நிரம்பினாத்தான் பல் கெட்டியாகும்."

"கொட்டினவங்களே அள்ளணுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது மட்டுமில்லை. இவ்வளவு வேலை செய்யும்போது செல்லுக்குள்ளயே பழசான பாகங்கள் சேரும். அதையும் பிரிச்சு, செரிச்சு, திரும்பப் பயன்படுத்திக்கணும். அந்த மறுசுழற்சி நின்னுபோனா எனாமல் என்ன ஆகும்னுதான் என் ஆராய்ச்சியே."

"நம்ம பிள்ளைக்கும் அதுதான் ஆச்சா?"

"தெரியலைங்க. பல் வெளிய வந்ததும் அந்த செல்லெல்லாம் செத்துப்போயிடும். கேட்கிறதுக்கு ஆளே இல்லை."

அதன்பிறகும் அவளுக்கு மனம் ஆறவில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல், கொடுத்த மருந்து என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துப் பார்த்தாள். கடைசியில் கோவிலம்பாக்கத்தில் பல் கிளினிக் வைத்திருக்கும் அவளுடைய கல்லூரித் தோழியிடம் மகளை அழைத்துப்போனோம். அவர் பல்லைப் பார்த்துவிட்டு, "நீ காரணத்தைத் தேடு. நான் பல்லைக் கவனிக்கிறேன்" என்றார். அந்த வார்த்தை மனைவிக்கு மருந்தைவிட வேகமாக வேலை செய்தது. பல்லின் மேல் பூச்சுப் பூசினார். பலவீனமான இடத்தை அடைத்தார். கொஞ்ச நாளில் கூச்சம் போய்விட்டது. மனைவியும் தன் எலிப் பற்களிடம் நிம்மதியாகத் திரும்பினாள்.

அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு நான் கடையை அடைத்துவிட்டு, மகளோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் வீட்டில் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் தூங்கி வழிந்தவன் நான். அன்று ஒரு வரியையும் தவறவிடவில்லை. திரையில் நீளமான செல்களும் அவற்றுக்குள் பச்சைப் புள்ளிகளும் தெரிந்தன.

"அத்தா, அது குப்பைத்தொட்டியா?" என்று மகள் காதில் கேட்டாள்.

"குப்பையைத் திரும்பப் பொருளாக்குற இடம்மா" என்றேன். சரியாகத்தான் சொன்னேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

தேர்வாளர் கடைசியாக ஒன்று கேட்டார்: "இதனால குழந்தைகளுக்கு என்னம்மா பயன்?"

அவள் ஒரு நொடி எங்கள் பக்கம் பார்த்தாள். "வந்துட்ட பல்லைத் திரும்பச் செய்ய முடியாது சார். ஏன் இப்படி ஆகுதுன்னு தெரிஞ்சா, இனி வரப்போற பல்லைக் காப்பாத்த வழி தேடலாம்."

அவர் தலையசைத்தார். சிறிது நேரத்தில் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்ததும், மகள்தான் முதலில் கைதட்டினாள்.

தாம்பரம் ஸ்டேஷனில் சமோசா வாங்கித் தின்றோம். மின்சார ரயிலில் மனைவிக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டாள். சானடோரியம் வருவதற்குள் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்களையே பார்த்தபடி நின்றேன். குரோம்பேட்டை வந்ததும் எழுப்ப மனசே வரவில்லை.