ஒற்றைத் துளியைத் தள்ளியது யார்

வெளிமாநிலம் வந்து, உப்பலில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம். கீழே டயர் கடை, மேலே நாங்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்கள். ஆகாவிட்டால் மதுரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அப்பாவோடு பேச்சு. ஐந்து மாதம் முடிந்திருந்தது.

ஃபிரிட்ஜ் கதவுக்கு வண்ணம் தெளிக்கும் துப்பாக்கியிலிருந்து கிளம்பும் துளிகளின் பாதையைக் கணிப்பது என் வேலை. ஒவ்வொரு துளியிலும் மின்னூட்டம் இருக்கும். கதவு அதை இழுக்கும், மற்ற துளிகள் தள்ளும். ஒரு துளி இருக்கும் இடத்தில் மற்ற மின்னூட்டங்கள் உண்டாக்கும் மின்புலங்களைத் திசையோடு கூட்டி, அந்தத் துளியின் மின்னூட்டத்தால் பெருக்கினால் விசை. விசை தெரிந்தால் அடுத்த கணம் அது எங்கே இருக்கும் என்று தெரியும்.

கணினியின் ஓரத்தில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் ஒட்டியிருந்தேன். மூன்றாவது வரி: தன் புலம் தன்னைத் தள்ளாது, தூரம் பூச்சியம் என்றால் விட்டுவிடு. அதற்கு டிக் போட்டிருந்தேன். இரண்டு துளிகளை வைத்துத் தாளிலும் கணக்குப் போட்டேன். விடை பொருந்தியது. துப்பாக்கியைக் கதவிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்ற அறிக்கை தொழிற்சாலைக்குப் போய்விட்டது.

அதற்கு அடுத்த வாரம் திரையில் பாதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், ஓரத்துத் துளிகள்கூட இவ்வளவு வேகமாகப் போகின்றனவே என்று உறுத்தியது. பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னேன். அவள் போலாரத்துப் பெண். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம்; பேச்சில் உருது கலந்து வரும்.

“பட்டியல் நக்கோ, அதை விடு. கதவையும் எடு, மத்ததையும் எடு. ஒண்ணே ஒண்ணு விட்டுப் பாரு” என்றாள்.

விட்டேன். இழுக்கவும் தள்ளவும் எதுவுமில்லாத வெளியில் அந்தத் துளி கிளம்பிய வேகத்திலேயே நேராகப் போயிருக்க வேண்டும். அது கணத்துக்குக் கணம் வேகம் கூடிப் போனது.

“ஆளே இல்லாத ரோட்ல இவ கைக்கு ஓடறா, எதுக்கு? யாரு துரத்தறா?”

சிரிப்பு வரவில்லை. நிரலைத் திறந்து பார்த்தேன். துளிகளின் இடங்களை இரண்டு பட்டியல்களில் வைத்திருந்தேன்: தள்ளப்படுபவை ஒன்றில், தள்ளுபவை இன்னொன்றில். இரண்டாவது ஓர் அடி, அதாவது கணக்கில் ஒரு கணம், பிந்தியே புதுப்பிக்கப்பட்டது. துளி முன்னே போய்விடும். ஒரு கணத்துக்கு முன் அது இருந்த இடம் பின்னாலிருந்து அதையே தள்ளும். தூரம் பூச்சியமில்லை, ஆகவே என் மூன்றாவது வரி அதைப் பிடிக்கவில்லை. முதல் அடியில் மட்டும் இரண்டு பட்டியல்களும் ஒன்றாக இருந்தன. தாளில் நான் சரிபார்த்தது அந்த ஓர் அடியைத்தான்.

அப்படியானால் உண்மையான துளிகள் இன்னும் மெதுவாகத்தான் போகும். துப்பாக்கியை நான் சொன்ன தூரத்தில் வைத்தால் கதவின் ஓரங்களில் வண்ணம் சரியாகப் படியாது. தொழிற்சாலையில் அந்த அளவை நம்பித் துப்பாக்கியைப் பொருத்தும் தாங்கிகளுக்குத் துளை போடப் போகிறார்கள்.

“இப்பவே சொல்லப் போறியா? பர்மனென்ட் லெட்டர் வர இன்னும் மூணு வாரந்தானே” என்று அவள் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே ஆமென்று தலையாட்டி, “ஹவ், சொல்லத்தான் வேணும்” என்றாள்.

மேலாளரின் அறைக்குப் போய், தவறு எங்கே, எந்தெந்த எண்கள் மாறும், திருத்த எத்தனை நாள் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் உடனே தொழிற்சாலைக்குப் போன் செய்தார். முதல் தாங்கியில் துளை போட்டுவிட்டார்கள். மற்றவற்றை நிறுத்தி வைத்தார்கள். அன்று மாலையே என் நிரந்தரக் கடிதம் மூன்று மாதம் தள்ளிப்போனது. திருத்தும் வேலையை என்னிடமே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஏம்மா, நீயா போய்ச் சொல்லலைன்னா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காதுப்பா.”

“மதுரைக்கு டிக்கெட் போடட்டுமான்னு கேக்கத்தான் இருந்தேன்” என்றார். பிறகு, “சரி, மூணு மாசம் இருந்து பாரு.”