நம்பர் போட்ட குப்பை

பலெர்மோவின் கால்சாப் பகுதியில் இருந்த கிடங்கின் முற்றத்துக்குள் நுழைந்ததும் எனக்குத் திக்கென்றது. துண்டு துண்டாக நம்பர் எழுதி மை காய வைத்த மூன்று பெட்டிகளையும் காணவில்லை. காலையில் லிபெர்த்தாத் தெருவில் சிஞ்ஞோரா அம்மா ஒருவரின் வீட்டில் துப்புரவு, பின்னேரம் இந்தக் கிடங்கில் அகழ்வில் எடுத்த பழைய மண்பாண்ட ஓடு கழுவுவது. தொண்ணூறுகளில் என் பிழைப்பு அதுதான்.

"மரியதாஸ் அண்ணை, பெட்டியள் எங்கை?"

மன்னாரிலிருந்து வந்த மரியதாஸ் அண்ணை என்னோடு ஓடு கழுவுபவர். "புதுக் காவல்காரன் குப்பையெண்டு வெளியிலை வைச்சிட்டானாம். லொறி இப்பத்தான் ஏத்திக்கொண்டு போகுது!"

அந்த மனிதனையும் குறை சொல்ல முடியாது. உண்மையிலேயே அது குப்பைதான். பலெர்மோவுக்குக் கிழக்கே, பழைய கிரேக்க ஊர் ஒன்றின் குப்பைக் குழியில் எடுத்தது. கருகிய ஓடு, சூளைக் கசடு, மீன்முள், சூளையில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போன இரண்டு மண்விளக்குகள்.

"நல்ல விளக்கெல்லாம் வித்துக் கப்பலேறிப் போயிடும். பழுதானதுதான் செய்த இடத்தடியிலை கிடக்கும்" என்று அகழ்வுக்குப் பொறுப்பான ஆய்வாளர் அம்மா, நாங்கள் தொத்தொரெஸ்ஸா என்று கூப்பிடுபவர், சொல்வார். குழியை ஒட்டியிருந்த வீட்டில் விளக்கும் செய்தார்கள், அங்கேயே சமைத்தும் சாப்பிட்டார்கள் என்பதற்கு அந்தக் குழிதான் சாட்சி. அடுத்த கிழமை மேலிடத்திலிருந்து பார்க்க வருகிறார்கள். அந்த வீடு விளக்குப் பட்டறைதான் என்று காட்டினால் அகழ்வு தொடரும், எங்கள் வேலையும் தொடரும்.

ஓடினோம். சந்து முனையில் யாரோ காரைக் குறுக்கே விட்டிருந்தபடியால் லொறி நின்றது. ஆனால் பெட்டிகளை அதற்குள் கவிழ்த்துவிட்டார்கள். முட்டைக்கோது, மீன் தலை, உடைந்த பூச்சட்டி எல்லாவற்றோடும் எங்கள் சாமான் கலந்து கிடந்தது. லொறிக்காரன் ஒரு பூச்சட்டித் துண்டைத் தூக்கிக் காட்டி, "இதுவும் பழசோ?" என்று கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மரியதாஸ் அண்ணை தலையில் கை வைத்தார். "என்ரை மாதாவே, இனி எப்பிடிப் பிரிக்கிறது?"

"நம்பரைப் பாருங்கோ அண்ணை!"

"ஓம், ஓம், நம்பர் இருக்கெல்லே!"

கழுவிக் காய்ந்ததும் ஒவ்வொரு துண்டிலும் குழியின் நம்பரை மையால் எழுதுவது எங்கள் தொழில் வழக்கம். கசடுக்கும் எழுத வேண்டும் என்று தொத்தொரெஸ்ஸா ஒற்றைக்காலில் நிற்பார். "இந்தக் கரிக்கட்டியை ஆர் களவெடுக்கப் போறான்?" என்று நான் முறுமுறுத்துக்கொண்டே எழுதுவேன்.

குப்பையை இறக்கி, சாக்கு விரித்துத் தெருவிலேயே குந்தினோம். நம்பர் உள்ளது சாக்குக்கு, இல்லாதது லொறிக்கு. பால்கனிப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். தகவல் கேட்டு ஓடிவந்த தொத்தொரெஸ்ஸா, ஒரு வார்த்தை ஏசாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். ஒட்டிய விளக்குகள் வாடிய கீரைக்கட்டுக்குக் கீழே கிடந்தன. அடியில் என் கையெழுத்தைக் கண்டதும் நான் அழுதுவிட்டேன்.

அடுத்த கிழமை மேலிடத்திலிருந்து வந்தவர்கள் பார்த்தார்கள், அகழ்வு தொடர்ந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அழகான துண்டுக்கு நம்பர் போட யாரும் மறப்பதில்லை. அவலட்சணமானதுக்கு முதலில் போடுங்கள்.

அந்த விளக்குகள் இப்போது அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. எந்த ஊர், எந்தக் குழி என்று பக்கத்து அட்டையில் எழுதியிருக்கிறது. கால்சாக் குப்பை லொறியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.