பின்பக்கக் குழாய்

கல்யாணமாகிச் சிதம்பரம் வந்த நாளிலிருந்து மாமியார் எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். கடலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடித்து பஸ் ஏறி வந்தால், நான் வாசல் வழியாக வீட்டுக்குள் நுழையக் கூடாது. "கண்ட நோவயும் தொட்டுட்டு வர்ற. பின்னாடி போய்த் தலைக்கு ஊத்திக்கினு உள்ள வா" என்பார். மார்கழியானாலும் சரி, எனக்கே காய்ச்சலானாலும் சரி, பின்பக்கக் குழாயின் பச்சைத் தண்ணீர்தான். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அவர் மகன் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சாப்பிட உட்காருவார்.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் எனக்கும் என் கணவருக்கும் வேலை கிடைத்தபோது, "அது சின்ன ஊரு, குளிரு வேற ஜாஸ்தி. உனக்கு ஆவாது" என்று தடுத்தார். எனக்குக் குளிரைப் பழக்கியதே அவர்தான். மூட்டை கட்டினேன்.

தை மாதம் எங்களைப் பார்க்க வந்தார். வீடு தெரியாததால் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, இருமுகிற நோயாளிகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகனுக்கு வேலை முடியவில்லை. நான்தான் வீட்டுக்கு அழைத்துப் போனேன். சால்வைக்குள் நடுங்கியபடி வாசற்படியில் கால் வைத்தவரைக் கைநீட்டி நிறுத்தினேன்.

"அத்தை, ஆஸ்பத்திரியில உக்காந்துட்டு வர்றீங்க. பின்னாடி குழா இருக்கு. தலைக்கு ஊத்திக்கினு உள்ள வாங்க."

என் முகத்தையே பார்த்தார். பிறகு பின்பக்கம் போனார். குளியலறையில் வெந்நீர் வரும் என்பதை நான் சொல்லவில்லை. முதல் சொம்புத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும், செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சாப்பிட உட்கார்ந்தேன்.