நான் சொன்ன கதையை நம்பிப் போனவன்

கனடாவில் எங்கள் அஜக்ஸ் வீட்டு பேஸ்மென்றில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்த அயர்லாந்துக்காரன் உக்ரைன் போரில் செத்துப்போனான். வயது முப்பத்தொன்று.

அவன் கூரை போடும் வேலைக்காரன். பனி கொட்டிய நாட்களில் வேலைக்குப் போகுமுன் எங்கள் வாசலையும் பக்கத்து வீட்டுக் கிழவியின் வாசலையும் வழித்துத் தள்ளிவிட்டுத்தான் போவான். யாரும் கேட்டதில்லை. என் மனைவி இடியப்பமும் சொதியும் கீழே அனுப்புவாள். பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத்தான் திருப்பித் தருவான். மகளின் சிநேகிதிகள் கூப்பிடுவதைக் கேட்டு அவனும் என்னை அங்கிள் என்று கூப்பிடப் பழகியிருந்தான்.

இருபது வயதில் தன் நாட்டுப் படையில் சேர்ந்து நான்கு வருடம் இருந்தவன். ஒருமுறை சமாதானப் படையோடு லெபனானுக்குப் போயிருக்கிறான். ஆறு மாதமும் காவல் கோபுரத்தில் நின்று வெறும் மலையைப் பார்த்ததுதான் தன்னுடைய வீரம் என்று சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் வெட்கம் இருந்தது. அது எனக்குத் தெரிந்தும், நான் செய்ததைச் செய்தேன்.

ஒரு கோடை ஞாயிறு, பின்வளவில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தோம். உங்கள் குடும்பத்தில் யாராவது உங்கள் நாட்டுப் போரில் இருந்தார்களா என்று கேட்டான். அகதி வழக்கு விசாரணையில் இதே கேள்வியைக் கேட்டபோது, நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று சொன்னவன் நான். அந்த ஒரு வரியோடு என் தம்பி பிறக்காதவன் ஆனான். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பியர் குடித்திருந்தேன். கேட்டவன் எங்கள் ஆளும் இல்லை, அரசாங்க ஆளும் இல்லை. சொன்னேன்.

தம்பி பத்தொன்பது வயதில் தானாகவே இயக்கத்துக்குப் போனான். பயம் என்றால் என்னவென்று தெரியாதவன். சனத்தை விட்டு ஓடாமல் கடைசிவரை நின்று செத்தான். கதை அப்படித்தான் வாயில் வந்தது. அயர்லாந்துக்காரன் சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். தம்பியை நினைத்துப் பெருமைப்படுகிறீர்களா என்று கடைசியில் கேட்டான். ஓம் என்றேன்.

அடுத்த மாசியில் மேலே வந்து கதவைத் தட்டினான். ட்ரக்கை விற்றுவிட்டானாம். உக்ரைனுக்குப் போகிறானாம். அது உன்னுடைய சண்டை இல்லை, போகாதே என்றேன். அவன் கோபப்படவில்லை.

"உங்கள் தம்பியிடமும் இதைத்தான் சொல்லியிருப்பீர்களா, அங்கிள்?"

அப்போது நான் வாய் திறந்திருக்கலாம். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கீழே இறங்கிப் போனபின் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"உண்மையை அவனுக்குச் சொல்லியிருக்கலாம்தானே. ஏன் வாயை மூடிக்கொண்டு நிண்டனீங்கள்?"

உக்ரைனில் முதல் இரண்டு மாதம் அவன் குண்டுபட்ட பள்ளிக்கூடங்களின் கூரைகளைத்தான் திருத்தினான். படம் அனுப்பினான், முகமெல்லாம் சந்தோஷம். பிறகு முன்னரங்குக்கு அனுப்பினார்கள். அங்கு போய்ப் பதினோராம் நாள் தண்ணீர்க் கான்களைத் தூக்கி வரும்போது ட்ரோன் அடித்தது.

ரொறன்ரோவில் அவனுடைய நாட்டுக்காரர் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். கொடி போர்த்திய படம், பூக்கள், பேச்சுகள். அவன் பயம் என்றால் என்னவென்று தெரியாதவன் என்று ஒருவர் பேசினார். நான் தம்பியைப் பற்றிச் சொன்ன அதே சொல். மண்டபத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன்.

அயர்லாந்தில் அடக்கம் முடிந்து சில வாரங்களில், சாமான்களை எடுத்துப் போக அவனுடைய தாய் வந்தாள். சிறிய உருவம், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. மகனின் கட்டிலில் உட்கார்ந்து, போவதற்கு முன் அவன் எழுதிய மின்னஞ்சலை வாசித்துக் காட்டினாள். வீட்டுக்காரரின் தம்பி தன் சனத்துக்காக நின்றவன், நான் ஒருநாளும் எதற்காகவும் நின்றதில்லை, அம்மா, என்று எழுதியிருந்தான். போனை மடியில் வைத்துவிட்டு, உங்கள் தம்பியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள்.

இந்தமுறை உண்மையைச் சொன்னேன்.

தம்பி பயிற்சி முகாமிலிருந்து மூன்றாம் மாதமே ஓடி வந்துவிட்டான். தோட்டத்து மோட்டர் கொட்டிலில் மூன்று நாள் ஒளிந்திருந்தான். நான்தான் சோறு கொண்டுபோனேன். அப்போது ஊரைவிட்டு வெளியேற இயக்கத்தின் பாஸ் வேண்டும். நான் வெளிநாடு போவதற்காக அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். ஓடி வந்தவனை ஒளித்து வைத்த வீட்டுக்குப் பாஸ் கிடைக்காது.

"அண்ணை, எனக்குப் பயமாக் கிடக்கு. என்னை விட்டுடாதை."

"நீ இஞ்ச நிண்டா என்ர அலுவலும் கெட்டுப்போகும். திரும்பிப் போ."

சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் முகாம் வீதியில் இறக்கிவிட்டேன். என்னைப் பிடித்திருந்த அவன் கையை நான்தான் விலக்கினேன். பாஸ் வந்தது. கொழும்பில் நிற்கும்போது அவன் செத்த செய்தியும் வந்தது. வீட்டுக்கு வந்த சவப்பெட்டியைத் திறக்க விடவில்லையாம்.

அந்தத் தாய் மடியிலிருந்த போனை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இதைக் கேட்டிருந்தால் என் மகன் போயிருக்க மாட்டான். அவன் சாவில் உங்களுக்கும் பங்கிருக்கிறது."

நான் மறுக்கவில்லை. மனைவி கொண்டுவந்த தேத்தண்ணியை அவள் தொடவில்லை. இரண்டு பைகளில் உடுப்புகளை அடுக்கினாள். விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடட்டுமா என்று மனைவி கேட்டதற்கு, வேண்டாம் என்று டாக்சிக்குப் போன் அடித்தாள்.

மகள் படிக்கட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எனக்கு ஒரு சித்தப்பா இருந்தாரா என்று அன்று தன் தாயிடம் கேட்டாள், என்னிடம் கேட்கவில்லை. இப்போதும் தேவைக்கு மட்டுந்தான் என்னோடு பேசுகிறாள்.

போன கிழமை எங்கள் ஆட்களின் கடையில் தெரிந்த ஒருவர், பத்திரிகையில் வந்திருந்த அந்த அயர்லாந்துக்காரனின் படத்தைக் காட்டினார்.

"உவங்கட பெடியனுக்குப் பேப்பரில படம், கூட்டம். எங்கட பெடியளை ஆர் அண்ணை நினைக்கினம்?"

எத்தனையோ கடைகளில், கலியாண வீடுகளில் இந்தப் பேச்சுக்கு நான் தலையாட்டியிருக்கிறேன். சிலவேளை நானே தொடங்கியும் இருக்கிறேன். அன்று தலையாட்டாமல், எடுத்த சாமானை அப்படியே வைத்துவிட்டுக் காருக்குத் திரும்பினேன். அவர் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.