வள்ளமும் வல்லமும்

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் காய்ச்சிய தாரின் நெடி எங்கள் தெருவரை வரும். அந்தோணி மாமா எண்ணெய் டின்னை வெட்டி ஓடத்தின் ஓட்டையை அடைக்கிறார், இனிப் பள்ளிக்கூடத்துக்குக் கரையைச் சுற்றி நடக்க வேண்டாம் என்று எனக்குக் கால் துள்ளும். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து எங்கள் ஏரியில் ஓடம் விட்டுப் பிழைத்தவர் அவர். நாங்கள் 'ஓடம்' என்பதை அவர் 'வள்ளம்' என்பார். "வள்ளம் பொறப்படுது, ஏறுங்க" என்று கூவினால், பக்கத்து ஊரான வல்லத்துக்குப் போகிறது என்று பயந்து இறங்கிக்கொண்டவர்கள்கூட உண்டு.

தொண்ணூற்றொன்று மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபின் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. குண்டு வைத்தவர்கள் இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் என்று பேப்பரில் வந்ததும், "வள்ளம்னு இங்க யாருய்யா பேசறான்? நீ எந்த ஊரு?" என்று டீக்கடையில் அவரை மடக்கினார்கள். தூத்துக்குடி என்றார், யாரும் நம்பவில்லை. போலீசார் விசாரித்து, ஒன்றுமில்லை என்று போனார்கள். "ஒண்ணுமில்லாமயா வந்தாங்க?" என்றது ஊர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அந்த ஐப்பசியிலும் தார் நெடி வந்தது. ஓடத்தில் ஈ காக்கை ஏறவில்லை. ஓடிய என்னை அம்மா பிடித்து இழுத்து, "யாரு கண்டா? நமக்கு இன்னாத்துக்குடீ வம்பு, கரையோட நட" என்றாள். அது மாமாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். மறுநாள் அவர் எங்கள் பேச்சிலேயே, "ஓடம் பொறப்படுது, ஏறுங்க" என்று கூவினார். "பாத்தியா, மாட்டிக்குவோம்னு பேச்சை மாத்திக்கினான்" என்று கரையில் நின்றவர்கள் கண்ணடித்துக்கொண்டார்கள். நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பொங்கலுக்கு அவர் ஊரில் இல்லை. கவிழ்த்துப் போட்ட ஓடத்தின் நிழலில் ஆடுகள் படுத்தன. தொழிற்சாலைகள் வந்தபின் ஷிப்ட் முடிந்தவர்கள் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பிறகு அதையும் காணோம்.

போன மாதம் ஒரகடம் சாலையில் ஓர் ஓட்டல் வாசலில், நீலச் சாயம் பூசி, உள்ளே பூச்செடி வைத்த படகொன்றைப் பார்த்தேன். கேரளாவிலிருந்து வந்தது என்றான் பரிமாறும் பையன். நம்பிக்கையில்லாமல் குனிந்து பார்த்தேன். அடியில் தார் பூசிய டின் தகரம் இருந்தது. நிமிர்ந்தால், மேலே விளக்கெழுத்தில் ஓட்டலின் பெயர்: 'வள்ளம்'.

"நம்ம வல்லத்தைத்தான்க்கா தப்பா எய்தி வச்சிக்கிறாங்க" என்றான் பையன்.

"தப்பில்லப்பா. வள்ளம்னா ஓடம்" என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "யக்கா, உங்களுக்கு எந்த ஊரு?"